சிபில் ரிப்போர்ட்ல தப்பு இருந்தா யார்கிட்ட போய் நிக்கணும்

எங்க சித்தி மதுரை செல்லூர்ல தையல் கடை வச்சிருக்காங்க. 2024 மே மாசம் இன்னும் ரெண்டு பவர் மிஷின் வாங்கலாம்னு பேங்க்ல ஒரு சின்ன லோன் கேட்டுப் போனாங்க, மேனேஜர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு "சிபில் சரியில்லம்மா, பழைய கடன் ஒண்ணு கட்டாம நிக்குது"ன்னு சொல்லி பேப்பரையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாரு. சித்திக்கு ஒண்ணுமே புரியல, ஏன்னா அவங்க பேர்ல கடன்னு இருந்தது 2018ல ஃப்ரிட்ஜுக்குப் போட்ட ஈஎம்ஐ ஒண்ணுதான், மாசம் 1,840 ரூபா, 12 தவணை. கடைசித் தவணை மட்டும் அக்கவுண்ட்ல பணம் இல்லாம பவுன்ஸ் ஆயிருச்சு, அப்புறம் கலெக்‌ஷனுக்கு வந்த தம்பி வீட்டுக்கே வந்து பவுன்ஸ் சார்ஜோட சேத்து ரொக்கமா வாங்கிட்டு ரசீது போட்டுக் குடுத்துட்டுப் போனாரு. அந்தப் பணம் கம்பெனி கணக்குல ஏறவே இல்ல. நடுவுல சித்தி சிம் மாத்திட்டாங்க, அதனால கேட்டு யாரும் கூப்பிட்டாங்களான்னுகூடத் தெரியாது. சிபில் ரிப்போர்ட்டை, அதாவது நம்ம கடன் விவரம் எல்லாம் இருக்கற அறிக்கையை, டவுன்லோடு பண்ணிப் பாத்தா அஞ்சு வருஷமா கட்டாத கடன்காரின்னு எழுதி வச்சிருக்கு.

மறுநாள் ஃபைனான்ஸ் கம்பெனி பிராஞ்சுக்குப் போனா "அது சிபில்காரங்க வேலை, அங்க கேளுங்க"ன்னாங்க. சிபில் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா "கடன் குடுத்தவங்க கன்ஃபர்ம் பண்ணாம நாங்க மாத்த முடியாது"ன்னாங்க. இங்க அங்கன்னு அலைய விட்டா பாதிப் பேர் விட்டுருவாங்க, அதனாலதான் இதை விவரமா எழுதறேன்.

ரெண்டாவது சொன்னவங்க சொன்னது உண்மை. சிபில் மாதிரி கம்பெனிங்க சொந்தமா எதுவும் விசாரிச்சு எழுதறது கிடையாது, பேங்க்கும் ஃபைனான்ஸும் அனுப்பற தகவலை வாங்கி ஒரு ஆளோட பேர்ல சேத்து வைக்கற பதிவேடு மாதிரிதான் அவங்க. 2005ல வந்த கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துல 21வது பிரிவு இருக்கு, தகவலைத் திருத்தச் சொல்லிக் கேக்கற உரிமை நமக்கு வர்றது அதுலதான், கேட்டா 30 நாளுக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னும் அதே பிரிவு சொல்லுது, ஆனா கடன் குடுத்த நிறுவனம் சரின்னு சான்று சொன்ன பிறகுதான் திருத்தணும்னும் அதுலயே இருக்கு. அப்போ தப்பை எழுதினது ஒருத்தர், அது ஊருக்கெல்லாம் தெரியற இடம் இன்னொருத்தர்கிட்ட. ஒரு கதவை மட்டும் தட்டினா வேலை ஆகாது, ரெண்டு கதவையும் ஒரே நாள்ல எழுத்துல தட்டணும். நான் சொல்ல வர்றதுல முக்கியமானது இதுதான், மத்ததெல்லாம் இதுக்கான விளக்கம்.

சிபில்னு நாம பொதுவா சொல்றது ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு. உண்மையில இந்தியாவுல ரிசர்வ் வங்கி லைசென்ஸ் குடுத்த கம்பெனி நாலு இருக்கு. 2000ல ஆரம்பிச்ச சிபில் மூத்தது, இப்போ அது டிரான்ஸ்யூனியன் சிபில், அது போக எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். கடன் குடுக்கறவங்க நாலு பேருக்கும் தகவல் அனுப்பணும், ஆனா நீங்க லோன் கேட்டுப் போற பேங்க் எந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாக்கும்னு நமக்குத் தெரியாது. சிபில்ல 760 இருக்குன்னு நிம்மதியா இருப்போம், அந்த பேங்க் எக்ஸ்பீரியன்ல பாக்கும், அங்க ஒரு பழைய கிரெடிட் கார்டு பாக்கியோட நிக்கும். அதனால நாலையும் எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோட இலவசமாக் குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லி 2017 ஜனவரியில இருந்து நடைமுறையில இருக்கு, அந்தந்த கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே எடுக்கலாம். பணம் கட்டற பிளான் ஒண்ணை முன்னாடி காட்டுவாங்க, இலவச ரிப்போர்ட் லிங்க்கைத் தேடிப் பிடிக்கணும். நம்ம ரிப்போர்ட்டை நாமளே பாத்தா ஸ்கோர் குறையும்னு ஒரு பயம் நிறைய பேருக்கு இருக்கு, அது தப்பு. கடன் கேட்டு விண்ணப்பிச்சதுக்காக பேங்க் எடுத்துப் பாக்கறதுதான் என்கொயரின்னு கணக்குல வரும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் 300க்கும் 900க்கும் நடுவுல இருக்கற அந்த நம்பரைத்தான் பாப்பாங்க, ஆனா தப்பு இருக்கறது அங்க இல்ல, கீழ ஒவ்வொரு கடனுக்கும் இருக்கற கட்டங்கள்ல இருக்கு. எப்ப ஆரம்பிச்ச கடன், எப்ப முடிஞ்சுச்சு, எவ்வளவு பாக்கி, எவ்வளவு தவணை தாண்டி நிக்குதுன்னு வரிசையா இருக்கும், அதுக்குக் கீழ மாசம் மாசமா 36 மாசத்துக்கு ஒரு கட்டம் வரும், அதைத்தான் டிபிடின்னு சொல்றாங்க, தவணை தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சுங்கற கணக்கு. மூணு சைபர் இருந்தா ஒழுங்கா கட்டிருக்கீங்க. 30, 60ன்னு இருந்தா அத்தனை நாள் தாமதம். எக்ஸ் எக்ஸ் எக்ஸ்னு இருந்தா பயப்பட வேண்டாம், அந்த மாசம் கடன் குடுத்தவங்க தகவல் அனுப்பலைன்னுதான் அர்த்தம். சித்தி ரிப்போர்ட்ல அந்த ஃப்ரிட்ஜ் கடனுக்கு நாள் கணக்கு ஏறி ஏறி 900ல வந்து நின்னுச்சு, முடிஞ்ச தேதி இருக்க வேண்டிய இடம் காலியா இருந்துச்சு. 90 நாள் தாண்டினாலே வங்கிக் கணக்குல அது வாராக்கடன், 900னு பாத்த மேனேஜர் லோன் குடுக்காததுல ஆச்சரியம் இல்ல.

தப்புகள்ல ஒரு வகை, கடன் நம்முடையதுதான் ஆனா தகவல் தப்பு, சித்தியோடது மாதிரி. கட்டி முடிச்ச வண்டிக் கடன் இன்னும் ஓடறதா இருக்கும், மீட்டு எடுத்த நகைக்கடன் திறந்தே இருக்கும், ஆமா நகைக்கடனும் ரிப்போர்ட்ல வரும், வருஷத்துக்கு நாலு தடவை வச்சு எடுக்கற வீட்டுல அது ஒரு பக்கம் முழுக்க நிக்கும். இன்னொரு வகை கடனே நம்முடையது இல்ல, வேற ஒருத்தரோடது நம்ம பேர்ல வந்து ஒட்டிக்கிட்டது. இது நம்ம ஊர்க்காரங்களுக்கு வர்றதுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கு, நம்ம பேர்.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிக்கூட சர்ட்டிஃபிகேட்ல எஸ். முருகன், பான் கார்டுல அப்பா பேரை விரிச்சு எழுதி முருகன் சுப்பையா, வோட்டர் ஐடியில முருகன் மட்டும், ஆதார்ல முருகன் எஸ். பொண்ணுங்களுக்கு இன்னும் சிக்கல், கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், பின்னாடி வீட்டுக்காரர் இனிஷியல், ரெண்டு பேர்லயும் கடன் இருக்கும். பிறந்த தேதியைக் கேக்கவே வேண்டாம், ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் போட்டது ஒண்ணு, ஜாதகத்துல ஒண்ணு. கம்பெனி கம்ப்யூட்டர் பேர், பிறந்த தேதி, பான் நம்பர், வோட்டர் ஐடி, போன், முகவரின்னு எல்லாத்தையும் பொருத்திப் பாத்துதான் இந்தக் கடன் இந்த ஆளோடதுன்னு சேக்குது. ஒரே வீட்டுல அண்ணன் எஸ். குமார், தம்பி எஸ். குமரன், ரெண்டு பேருக்கும் ஒரே முகவரி, கடைக்காரர் ஃபார்ம்ல எழுதினது அப்பா போன் நம்பர்னா அண்ணன் கடன் தம்பி தலையில ஏறிட வாய்ப்பு இருக்கு. அதனால ரிப்போர்ட் வந்தா கடனைப் பாக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற பேர், தேதி, பான், முகவரி, போன் இதெல்லாம் பாருங்க, நீங்க குடியே இருக்காத ஊர் முகவரி ஒண்ணு அங்க இருந்தா உள்ள ஏதோ கலந்திருக்குன்னு சந்தேகப்படலாம்.

மூணாவது வகை திருட்டு. 2022 ஏப்ரல்ல ஹிந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் தன்னோட பான் நம்பரை வச்சு யாரோ 2,500 ரூபா கடன் எடுத்துட்டாங்க, அதுல ஸ்கோர் அடி வாங்கிருச்சுன்னு ட்விட்டர்ல வெளிப்படையா எழுதினாரு. நடிகருக்கே அப்படின்னா, ஜெராக்ஸ் கடையில பான் காப்பியை விட்டுட்டு வர்ற நம்ம நிலைமையை யோசிங்க. இந்த மாதிரி இருந்தா திருத்தக் கேக்கறதோட நிக்காம போலீஸ் சைபர் கிரைம்ல புகார் குடுத்து அந்த நகலையும் சேத்து அனுப்பணும், கடன் குடுத்தவங்ககிட்ட அந்தக் கடனுக்கான கையெழுத்துப் பேப்பர், பணம் போன அக்கவுண்ட் விவரம் ரெண்டையும் கேக்கணும். பணம் உங்க அக்கவுண்டுக்கு வரலைங்கறதுதான் உங்க கையில இருக்கற பெரிய சாட்சி.

தப்புன்னு நாம நினைச்சாலும் தப்பு இல்லாத விஷயங்களும் இருக்கு, இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு ஆனா சொல்லியாகணும். மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்க, மச்சான் கட்டலைன்னா அது உங்க ரிப்போர்ட்ல வரும், அது பிழை இல்ல. குழுக் கடன்ல பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்கன்னு உங்க பேர்ல எடுத்துக் குடுத்துட்டு அவங்க தவணை கட்டாமப் போனா அதுவும் சட்டப்படி உங்க கடன்தான், எங்க தெருவுலயே இப்படி மாட்டினவங்க இருக்காங்க. ஒரு லட்சம் பாக்கிக்கு நாப்பதாயிரம் வாங்கிக்கிட்டு கம்பெனி முடிச்சுக் குடுத்துச்சுன்னா ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு விழும், க்ளோஸ்டுன்னு விழாது, ரெண்டும் ஒண்ணு இல்ல. செட்டில்டுங்கறதை மாத்தணும்னா மிச்சப் பணத்தையும் கட்டி பாக்கி இல்லைங்கற சான்றிதழ் வாங்கினாத்தான் வழி. ஸ்கோர் ஏன் குறைவா இருக்குன்னு சண்டை போடவும் முடியாது, ஸ்கோர் கணக்கு அவங்களோடது, அதுக்குள்ள போற தகவல் தப்பா இருந்தா மட்டும்தான் நாம கேக்கலாம்.

சரி, உண்மையான தப்புன்னு உறுதி ஆயிருச்சு. ரிப்போர்ட்ல ஒரு கன்ட்ரோல் நம்பர் இருக்கும், அதை வச்சு அந்த கம்பெனி வெப்சைட்லயே டிஸ்பியூட், அதாவது இந்தத் தகவல் தப்புன்னு ஒரு புகார், போடலாம், காசு கிடையாது. எந்தக் கடன், எந்தக் கட்டம்னு தேர்ந்தெடுக்கச் சொல்லும், அங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. "பாக்கித் தொகை தப்பு"ன்னு மட்டும் போட்டா அவங்க பாக்கியை சைபர் ஆக்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிருவாங்க, கீழ டிபிடி கட்டத்துல 900 அப்படியே நிக்கும், அடுத்த பேங்க் அதைத்தான் பாக்கும். சித்தி விஷயத்துல நாங்க நாலா பிரிச்சுக் கேட்டோம். பாக்கி சைபர் ஆகணும், தவணை தேதி தாண்டின தொகை சைபர் ஆகணும், கடன் முடிஞ்ச தேதி ரசீதுல இருக்கற தேதியா இருக்கணும், அந்தத் தேதிக்கு அப்புறம் ஏறின டிபிடி எல்லாம் எடுக்கணும். இதையே அதே நாள்ல ஃபைனான்ஸ் கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டோம், ரசீதோட ரெண்டு பக்கமும் போட்டோ, ரிப்போர்ட்ல அந்தப் பக்கம், பான் நகல். பிராஞ்சுல வாயால சொன்னா அது எங்கயும் பதிவாகாது, மெயிலோ ரிஜிஸ்தர் தபாலோ இருந்தாத்தான் தேதி நிக்கும். மெயில்ல கதை எழுத வேண்டாம், கடன் நம்பர், என்ன தப்பு, எது சரி, என்ன ஆதாரம், அவ்வளவுதான், சித்தியோட மெயில் எட்டு வரிதான்.

தேதி எதுக்குன்னா, 2023 அக்டோபர் 26ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு, ஆறு மாசம் அவகாசம் குடுத்து 2024 ஏப்ரல்ல இருந்து அமலுக்கு வந்துச்சு, இது நிறைய பேருக்குத் தெரியவே இல்லைங்கறதுதான் எனக்கு ஆதங்கம். புகார் குடுத்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா அதுக்கு அப்புறம் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபா புகார் குடுத்தவருக்குத் தரணும். யார் தரணும்னும் பிரிச்சு வச்சிருக்காங்க, கடன் குடுத்த நிறுவனம் 21 நாளுக்குள்ள சரியான தகவலை அனுப்பிடணும், அனுப்பலைன்னா அவங்க தரணும், அவங்க நேரத்துக்கு அனுப்பியும் 30 நாளுக்குள்ள மாத்தலைன்னா சிபில் மாதிரி கம்பெனி தரணும். தீர்ந்து அஞ்சு வேலை நாளுக்குள்ள அக்கவுண்ட்ல போடணும், அதனால புகார்லயே பேங்க் அக்கவுண்ட் நம்பரையும் எழுதிருங்க. திருத்த முடியாதுன்னு மறுத்தா காரணத்தைச் சொல்லியாகணும்னும் ரிசர்வ் வங்கி சொல்லிருக்கு, காரணம் இல்லாத மறுப்பு வந்தா அதையே பிடிச்சுக்கிட்டு மேல போகலாம். ஒண்ணு கவனிக்கணும், அதே விஷயம் கோர்ட்லயோ ஆர்பிட்ரேஷன்ங்கற நடுவர் விசாரணையிலயோ இருந்தா இந்த நூறு ரூபா கணக்கு வராது, அது முடியற வரைக்கும் ரிப்போர்ட்ல திருத்தமும் நடக்காது.

சித்திக்கு முதல் பதில் 19வது நாள் வந்துச்சு, "எங்க பதிவுல தொகை நிலுவையில் உள்ளது"ன்னு ஒரே வரி. ரசீதைப் பாத்ததா ஒரு வார்த்தை இல்ல. அந்த ரசீது நம்பரைச் சுட்டிக்காட்டி, இது உங்க கம்பெனி அச்சடிச்ச ரசீது புத்தகம், இதுல கையெழுத்துப் போட்டவர் உங்க ஏஜென்ட், அவர் பணத்தைக் கட்டலைன்னா அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம், எனக்கு இல்லைன்னு திருப்பி எழுதினோம். முடிஞ்சா இந்த வரியை அப்படியே எடுத்துக்கங்க, ஏன்னா ரொக்கமா வாங்கிட்டுப் போற கலெக்‌ஷன்ல நடக்கற தப்புக்கு இதுதான் பதில்.

இதுலயும் தீரலைன்னா அடுத்தது ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். முன்னாடி பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி, டிஜிட்டல் பணப் பரிமாற்றம்னு தனித்தனித் திட்டமா இருந்துச்சு, 2021 நவம்பர்ல எல்லாத்தையும் ஒண்ணாக்கினாங்க, 2022 செப்டம்பர்ல இருந்து சிபில் மாதிரி நாலு கம்பெனியும் அதுக்குள்ள வந்துருச்சு. நிறுவனத்துக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னாலோ வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ போகலாம், நேரா அங்க போனா திருப்பி அனுப்பிருவாங்க, முதல்ல நிறுவனத்துக்கு எழுதின நகல் கையில இருக்கணும். ரிசர்வ் வங்கியோட சிஎம்எஸ்ங்கற புகார் வெப்சைட்ல போடலாம், கம்ப்யூட்டர் வராதவங்க பேப்பர்ல எழுதி சண்டிகர்ல இருக்கற ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபால்ல அனுப்பலாம், எப்படிப் போடறதுன்னு சந்தேகம் இருந்தா 14448க்குப் போன் பண்ணினா தமிழ்லயே சொல்றாங்க. வக்கீல் வேண்டாம், ஃபீஸ் கிடையாது.

இவ்வளவு வழி இலவசமா இருக்கும்போது "சிபில் க்ளீன் பண்ணித் தர்றோம்"னு அஞ்சாயிரம் பத்தாயிரம் கேக்கறவங்ககிட்ட போறது வேதனையா இருக்கு. அவங்ககிட்ட தனி சாவி எதுவும் கிடையாது, நீங்க போடற அதே டிஸ்பியூட்டைத்தான் அவங்களும் போடறாங்க, உண்மையான தகவலை யாராலயும் அழிக்க முடியாது. அதை விட மோசம், உங்க பான், ஆதார், ஓடிபி எல்லாத்தையும் அவங்க கையில குடுத்துட்டு வர்றீங்க.

கடன் வாங்கற எண்ணமே இல்லை, நான் ஏன் பாக்கணும்னு கேக்கற தம்பிகளுக்கு ஒண்ணு. 2025 ஜூன்ல சென்னை உயர்நீதிமன்றத்துல ஒரு தீர்ப்பு வந்துச்சு, பொதுத்துறை வங்கி வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட நியமனத்தை சிபில் ரிப்போர்ட் மோசமா இருக்குன்னு வங்கி ரத்து பண்ணினது செல்லும்னு கோர்ட் சொல்லிருச்சு. அதனால பேங்க் பரீட்சைக்குப் படிக்கறவங்க விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் எடுத்துப் பாத்துருங்க, தேர்வான பிறகு தப்பைக் கண்டுபிடிச்சா 30 நாள் காத்திருக்க நேரம் இருக்காது.

சித்தியோட கடன் 47வது நாள் க்ளோஸ்டுன்னு மாறுச்சு. 30 போக 17 நாள், 1,700 ரூபா வரணும்னு கணக்குப் போட்டு இன்னொரு மெயில் அனுப்பின பிறகுதான் அக்கவுண்ட்ல வந்துச்சு, தானா வரல. ஆனா நாங்க அதோட விடல. சிபில்ல மாறினது மத்த மூணுலயும் மாறிருக்கான்னு பாத்தா ஒண்ணுல இன்னும் பழையபடிதான் இருந்துச்சு, அங்க தனியா டிஸ்பியூட் போட்டோம். இன்னொரு ஆபத்தும் இருக்கு, கம்பெனியோட உள் கணக்குல திருத்தாம ரிப்போர்ட்ல மட்டும் திருத்திட்டா அடுத்த தடவை டேட்டா அனுப்பும்போது பழைய தப்பே திரும்ப ஏறிரும். 2025 ஜனவரியில இருந்து மாசத்துக்குக் குறைஞ்சது ரெண்டு தடவை டேட்டா அனுப்பணும்னு ஆயிருச்சு, அதனால திருந்தி ஒரு மாசம் ஒன்றரை மாசம் கழிச்சு இன்னொரு தடவை ரிப்போர்ட் எடுத்துப் பாக்கறது நல்லது. நாங்க செப்டம்பர்ல திரும்பப் பாத்தோம், அந்தக் கட்டம் சுத்தமா இருந்துச்சு, பாக்கி இல்லைங்கற சான்றிதழும் கம்பெனி லெட்டர்ஹெட்ல வாங்கி அந்த ரசீதோட சேத்து சித்தி பீரோவுல வச்சிருக்காங்க. பவர் மிஷின் ரெண்டும் தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி கடைக்கு வந்துச்சு.